'டிஸ்ப்ரபோர்ஷனட்லி': பங்குக்கு மிஞ்சியதைச் சொல்லும் ஆங்கிலச் சொல், ஆபீசுக்குப் புதியவர்களுக்கு

திருப்பூர், கோவை, கரூர்ப் பக்கம் கம்பெனி ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே இந்தச் சொல் எதிர்ப்பட்டுவிடும். ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் மெயிலில் வரும், ஆடிட் ரிப்போர்ட்டில் வரும், ரிசப்ஷனில் கிடக்கும் ஆங்கிலப் பேப்பரிலும் வரும். பக்கத்து சீட்டில் கேட்டால், "ரொம்ப அதிகம்ங்கிறதைத்தானுங்க அப்படிப் போட்டிருக்காங்க" என்று பதில் கிடைக்கும். அது பாதிதான் சரி. அந்தப் பாதியை நம்பி மெயிலில் எடுத்துப் போட்டால், அந்தப் பக்கம் படிக்கிறவர் "எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். கையில் பதில் இருக்காது.

தமிழ்வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டும் மெயிலும் எழுத வேண்டிய வேலைக்கு வந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மெர்ச்சண்டைசிங்கோ, எச்.ஆரோ, தொண்டு நிறுவனத்தில் கள வேலையோ, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். இலக்கணம் கடைசியில் வருகிறது. அதற்கு முன் ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாயில் நுழைய வேண்டும்

சொல் நீளமாக இருப்பதால்தான் பலர் மிரளுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. நடுவில் இருப்பது 'ப்ரபோர்ஷன்', அதாவது விகிதம். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் விகிதம் கெட்டுவிட்டது என்று பொருள். பின்னால் 'ஏட்' சேர்ந்து பெயரடை ஆகிறது, கடைசியில் 'லி' ஒட்டிக்கொண்டு வினையடை ஆகிறது. எழுத்தில் 'ஏட்' போலத் தெரிந்தாலும் சொல்லும்போது 'அட்' என்று குறுகிவிடும். நாம் 'பிரைவேட்' என்று சொல்வதை ஆங்கிலத்தில் 'ப்ரைவட்' என்பார்கள் அல்லவா, அதே மாதிரி. அழுத்தம் 'போர்' மேல் விழ வேண்டும்: டிஸ்-ப்ர-போர்-ஷ-னட்-லி. 'னேட்லி' என்று சொன்னாலும் வானம் இடிந்து விழாது. ஆனால் அழுத்தம் இடம் மாறினால் ஃபோனில் கேட்கிறவர் ஒருமுறை திரும்பச் சொல்லச் சொல்வார்.

'டிஸ்ப்ரபோர்ஷனலி' என்று இன்னொரு வடிவமும் உண்டு. தப்பில்லை, புழக்கம் குறைவு. 'அன்ப்ரபோர்ஷனட்லி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கலாம்

உங்கள் சம்பளம் 24,000 ரூபாய், மாதத்துக்கு 30 நாள் என்று வையுங்கள். சம்பளமில்லா லீவு 3 நாள் எடுத்தீர்கள். 2,400 ரூபாய் பிடித்தார்கள். நாளில் பத்தில் ஒரு பங்கு போனது, பணத்திலும் பத்தில் ஒரு பங்கு போனது. இதுதான் 'ப்ரபோர்ஷனட்லி', விகிதப்படி. அதே 3 நாளுக்கு 5,000 பிடித்தால் அங்கே 'டிஸ்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்போது 15 நாள் லீவு போட்டு 12,000 போனது என்று வையுங்கள். முன்னதைவிடப் பெரிய தொகை, வீட்டில் மாதக் கடைசி ஓட்டுவது சிரமம். ஆனால் விகிதம் கெடவில்லை. பாதி மாதத்துக்குப் பாதிச் சம்பளம். ஆக இந்தச் சொல்லுக்குத் தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. இரண்டு பங்குகளை அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை.

நம்மூர் ஆட்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 'வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கு' என்று தமிழ்ப் பேப்பரில் எத்தனை முறை படித்திருப்போம்! ஆங்கிலத்தில் அதற்கு 'டிஸ்ப்ரபோர்ஷனேட் அசெட்ஸ்' வழக்கு என்று பெயர். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஓர் அரசு ஊழியரிடம் ஒரு கோடி ரூபாய் சொத்து இருப்பது அதனாலேயே குற்றமாகிவிடாது. தெரிந்த வருமான வழிகளுக்கு அந்தச் சொத்து ஒத்துவருகிறதா என்பதுதான் கேள்வி. தோட்டமும் வாடகையும் கணக்கில் காட்டியிருந்தால் ஒரு கோடியும் ஒத்துவரலாம். வெறும் சம்பளம் என்றால் முப்பது லட்சமே ஒத்துவராமல் போகலாம்.

அந்தத் தமிழ்த் தொடரில் 'வருமானத்துக்கு' என்ற நான்காம் வேற்றுமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி' எழுத நினைக்கும் இடத்தில், தமிழில் 'இன்னதுக்கு மிஞ்சி' என்று முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். 'எதுக்கு?' என்ற இடம் காலியாக இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'வெரி ஹை' என்று போடுங்கள். அது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பேக்கிங் டேபிளில் ஒரு கணக்கு

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு விகிதம் சொல்லித்தர வேண்டியதில்லை, சைஸ் ரேஷியோ தினமும் கையில் இருக்கிறது. 6,000 பீஸ் டி-ஷர்ட் ஆர்டர், ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் நான்கு சைஸ், ரேஷியோ 1:2:2:1 என்று வைத்துக்கொள்வோம். ஸ்மால் 1,000, மீடியம் 2,000, லார்ஜ் 2,000, எக்ஸ்எல் 1,000.

ஃபைனல் செக்கிங்கில் 120 பீஸ் ரிஜெக்ட் ஆனது. சைஸ் பிரித்துப் பார்த்தால் ஸ்மால் 20, மீடியம் 40, லார்ஜ் 40, எக்ஸ்எல் 20. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "மீடியம், லார்ஜ் இரண்டிலும்தான் ரிஜெக்ஷன் அதிகம்" என்று மெயில் போடத் தோன்றும். அதிகம்தான், சந்தேகமில்லை. ஆனால் தைத்ததே அந்த இரண்டு சைஸில்தானே அதிகம்! நான்கு சைஸிலும் 100-க்கு 2 பீஸ்தான் போயிருக்கிறது. இங்கே 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி' போட்டால் தப்பு. மீடியம் லைன்காரர்கள் மேல் வீண்பழி விழும், மாஸ்டர் போய் அந்த மெஷின்களைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு ஆர்டர், அதே 6,000, அதே 120 ரிஜெக்ட். இந்த முறை ஸ்மால் 10, மீடியம் 25, லார்ஜ் 25, எக்ஸ்எல் 60. எக்ஸ்எல் மொத்த ஆர்டரில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 17 சதவீதம். ரிஜெக்ஷனில் சரிபாதி, 50 சதவீதம். தன் பங்கைப்போல மூன்று மடங்கு. இதற்காகவே செய்துவைத்தது போலிருக்கும் சொல் நம்முடையது. இப்படி எழுதலாம்:

"எக்ஸ்எல் அக்கவுண்ட்ஸ் ஃபார் எ டிஸ்ப்ரபோர்ஷனட்லி லார்ஜ் ஷேர் ஆஃப் ரிஜெக்ட்ஸ்: 50 பர்சென்ட் ஆஃப் ரிஜெக்ட்ஸ், 17 பர்சென்ட் ஆஃப் ஆர்டர் குவாண்டிட்டி."

முக்காற்புள்ளிக்குப் பின்னால் இரண்டு சதவீதமும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். பையர் மறுபடி கேள்வி கேட்க இடமில்லை. படித்த உடனே எக்ஸ்எல் பேட்டர்னையோ, அந்த சைஸ் தைத்த லைனையோ பார்க்கச் சொல்வார். சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. எண் இல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் போடுகிற மெயில் எனக்கு எப்போதுமே பாதி மெயிலாகத்தான் தெரியும்.

இதே கணக்கு கீழ்ப்பக்கமும் போகும். ஒரு கம்பெனியில் 100 தையற்காரர்களில் 60 பேர் பெண்கள், 20 சூப்பர்வைசரில் 2 பேர்தான் பெண்கள் என்றால், 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஃப்யூ' என்று எழுதலாம். தொழிலாளர் நிலைமையைச் சரிபார்க்கும் சோஷியல் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ரிப்போர்ட்டில் இதைத்தான் எழுதுவார்கள். அப்புறம், இந்தச் சொல் குறை சொல்ல மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நாட்டின் வரைபடத்தில் ஒரு புள்ளி அளவு ஊருக்கு அது பங்குக்கு மிஞ்சிய பெருமை. அங்கேயும் 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி லார்ஜ் ஷேர்' பொருந்தும்.

எல்லாருக்கும் ஒரே அளவு என்றாலும் விகிதம் கெடும்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'எல்லாருக்கும் சமம்' என்றால் விகிதம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது என்று வையுங்கள். போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர் வீட்டுக்கும் 2,000, கூலிக்குப் போகிறவர் வீட்டுக்கும் 2,000. இதை 'ஈக்வலி' வசூலித்தார்கள் என்று சொல்லலாம். மாதம் இரண்டு லட்சம் புரளும் வீட்டுக்கு அது நூறில் ஒரு பங்கு. மாதம் பத்தாயிரம் வரும் வீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாரம் கூலிக்காரர் வீட்டின் மேல் பங்குக்கு மிஞ்சி விழுகிறது. ஆங்கிலத்தில்: "தி லெவி ஃபால்ஸ் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஆன் புவரர் ஹவுஸ்ஹோல்ட்ஸ்." வரி சமம், பாரம் விகிதம் தவறியது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினாலும் முரண் இல்லை.

பேப்பரில் வரும் பொருளாதாரச் செய்திகள் முக்கால்வாசி இந்த அச்சில்தான் இருக்கும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொல் மழையாகக் கொட்டியது. மருந்து போல விலக்குப் பெற்ற சில சரக்குகள் தவிர மற்றதில் பெரும்பாலானவற்றுக்கு எண் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்க ஆர்டரை நம்பியிருப்பதும், லாபம் ஒரு கையளவே நிற்பதும், சீசன் தவறினால் சரக்கை வேறு இடத்தில் தள்ள முடியாததும் ஜவுளித் தொழிலில்தான். அதனால் அடி பங்குக்கு மிஞ்சி விழுந்தது. "டெக்ஸ்டைல்ஸ் வேர் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஹிட்" என்று படித்தால், வரி விகிதம் கூடுதலா என்று தேடாதீர்கள். அதே வரியைத் தாங்கும் தெம்பு யாருக்குக் குறைவு என்று தேடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

'அன்ஈவன்லி' என்பது பரவல் சீராக இல்லை என்பது. சாயம் ஒரு இடத்தில் அடர்த்தி, ஒரு இடத்தில் வெளிறல் என்றால் துணி 'அன்ஈவன்லி டைடு'. அங்கே 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி டைடு' என்று எழுதினால் சிரிப்பார்கள். துணியின் இந்த மூலைக்கு இத்தனை பங்கு சாயம் என்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. மழையும் அப்படித்தான். ஒரே கோவை மாவட்டத்துக்குள் வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும். மலை மறைவில் இருக்கும் கோவை நகரம், சூலூர்ப் பக்கம் 700 தேறினாலே பெரிது. "ரெய்ன்ஃபால் இஸ் அன்ஈவன்லி டிஸ்ட்ரிபியூட்டட்" என்பதுதான் சரி. வால்பாறை தன் பங்குக்கு மேல் வாங்கிக்கொண்டது என்று சொல்ல, மழையை யாரும் பங்கு போட்டுக் கொடுக்கவில்லையே.

'லாப்சைடட்லி' என்பது ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. காலர் ஒருபுறம் இறங்கித் தைத்திருந்தால் அது. ஆபீஸ் எழுத்தில் அவ்வளவாகத் தேவைப்படாது. 'அன்ஈக்வலி' அளவு சமமில்லை என்று மட்டும் சொல்லும். 'எக்செசிவ்லி' என்றால் அளவுக்கு மேல், அவ்வளவுதான். ஒப்பிட இன்னொரு பங்கு வேண்டாம்.

'அன்ஃபேர்லி' மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியது. அது நியாயத்தைப் பற்றிய தீர்ப்பு. நம் சொல் கணக்கோடு நின்றுவிடுகிறது. எக்ஸ்எல்லில் ரிஜெக்ஷன் பங்குக்கு மிஞ்சி வந்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை, பேட்டர்னில் கோளாறு இருக்கலாம். ஆனாலும் மனிதர்களைப் பற்றிய ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைப் போட்டால், படிக்கிறவர் காதில் 'அநியாயம்' என்று மெதுவாக ஒலிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. "இன்ன ஷிஃப்ட்காரர்களுக்கு டிஸ்ப்ரபோர்ஷனட்லி அதிக அபராதம்" என்று எச்.ஆருக்கு எழுதினால், அது புகார்தான். கணக்குச் சரியாக இல்லாமல் அனுப்பிவிடக் கூடாத மெயில் அது.

எந்தப் பங்கோடு ஒப்பிடுகிறீர்கள்

இரண்டு எண் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. முழு உண்மையையும் சொல்லிக்கொண்டே ஆளை ஏமாற்ற முடிகிற இடமும் இதுதான்.

சாலை விபத்துக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் பவானி, பெருந்துறை, அவினாசி வழியாக வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தேசிய நெடுஞ்சாலையில் இறந்தவர்கள் 61,038 பேர், சுமார் 36 சதவீதம். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஏறக்குறைய 2 சதவீதம். இரண்டு சதவீத நீளத்தில் 36 சதவீத உயிர். 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி' என்று தாராளமாக எழுதலாம்.

ஆனால் ஒருவர் குறுக்கே வந்து, "அண்ணா, வண்டி ஓடுறதே அதுலதானுங்களே அதிகம்?" என்று கேட்டால்? நியாயமான கேள்வி. நீளத்தில் 2 சதவீதமாக இருந்தாலும் போக்குவரத்தில் அதன் பங்கு பல மடங்கு பெரிது. நீளத்துக்குப் பதில் போக்குவரத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். இரண்டு கணக்கும் பொய்யில்லை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை. ரோந்து வண்டியையும் ஆம்புலன்ஸையும் எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கிறவருக்கு நீளக் கணக்கு போதும். நெடுஞ்சாலையில் ஓட்டுவது உள்ளூர்ச் சாலையைவிட ஆபத்தா என்று கேட்கிறவருக்கு ஓடிய தூரக் கணக்கு வேண்டும்.

அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். எல்லா வகை வண்டியிலும் இதுதான் முதலிடம். பார்த்தவுடன் கை 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி' என்று எழுதத் துடிக்கும். பொறுங்கள். பதிவான வண்டிகளில் கிட்டத்தட்ட முக்கால்வாசி டூவீலர்தான். வண்டி எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 44.5 என்பது பங்குக்குக் குறைவு! அதற்காக டூவீலர் பத்திரமான வண்டி என்று ஆகிவிடுமா? ஆகாது. நாள் முழுக்க ஓடும் லாரியும், பத்து நாளைக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் ஸ்கூட்டரும் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிதான். ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால் படம் வேறு மாதிரி வரும்.

அதனால் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதை 'ரிலேட்டிவ் டு' போட்டு வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள்: 'ரிலேட்டிவ் டு இட்ஸ் ஷேர் ஆஃப் ரோடு லெங்த்'. வாக்கியம் கொஞ்சம் நீளும். நீளட்டும்.

சின்னக் காரணம், பெரிய விளைவு

இதுவரை பார்த்தது ஒரு கூட்டத்துக்குள் யாருக்கு எத்தனை பங்கு என்ற பயன்பாடு. இன்னொன்றும் உண்டு. ஒன்றின் விளைவோ பதிலோ அதன் காரணத்தின் அளவுக்கு ஒத்துவராமல் போவது.

வாய்க்கால் பாசனத்தில் இது கண்கூடு. பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பாய்கிறது. தலைமடையில் திறக்கும் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் எல்லாருக்கும் அதே அளவு குறையும் என்று பேப்பரில் கணக்குப் போடலாம். வயலில் அப்படி நடப்பதில்லை. முன்னால் இருக்கிறவர்கள் வழக்கமான அளவை எடுத்துக்கொள்ள, கசிவும் போக, குறைந்தது அத்தனையும் கடைமடைக்காரர் தலையில் விடியும். மேலே பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கீழே மடை காய்ந்தே போகலாம். "ஈவன் எ ஸ்மால் கட் டிஸ்ப்ரபோர்ஷனட்லி அஃபெக்ட்ஸ் டெயில்-எண்ட் ஃபார்மர்ஸ்." இரண்டு பயன்பாடும் இந்த ஒரே வாக்கியத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன: சின்னக் குறைப்புக்குப் பெரிய விளைவு, அந்த விளைவிலும் கடைமடைக்குப் பங்குக்கு மிஞ்சிய பாகம்.

எச்.ஆர். வேலைக்குப் போகிறவர்கள் இதை வேறு வேஷத்தில் பார்ப்பீர்கள். பத்து நிமிடம் லேட்டாக வந்த ஆளை வேலையைவிட்டு எடுத்தால், குற்றத்துக்குத் தண்டனை ஒவ்வவில்லை. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-ல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, அப்படிப்பட்ட பணிநீக்கத்தை மாற்றித் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. தீர்ப்புகளில் 'ஷாக்கிங்லி டிஸ்ப்ரபோர்ஷனேட்' என்ற தொடர் அடிக்கடி வரும். நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு விகிதம் கெட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளச் சொல் போலவே ஆகிவிட்டது. விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பும் ஷோகாஸ் நோட்டீஸுக்கு வரும் பதிலில் அந்தத் தொடர் இருந்தால், எழுதிக்கொடுத்தவர் வக்கீல் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும்: 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி அஃபெக்ட்ஸ்'. செயப்பாட்டு வினை என்றால் 'ஆர்' அல்லது 'வேர்' என்ற சொல்லுக்கும் வினைக்கும் நடுவில்: 'ஆர் டிஸ்ப்ரபோர்ஷனட்லி அஃபெக்டட் பை'. பெயரடைக்கு முன்னாலும் வரும்: 'ஹை', 'லோ', 'லார்ஜ்', 'ஸ்மால்' இவற்றோடு சேர்ந்து வருவதுதான் மிகுதி. 'ஃபால்' என்ற வினையோடு வந்தால் பின்னால் போய், கூடவே 'ஆன்' கேட்கும்: 'ஃபால்ஸ் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஆன்'.

'லி' இல்லாத பெயரடை வடிவத்துக்குப் பின்னால் 'டு' வரும். 'டிஸ்ப்ரபோர்ஷனேட் டு ஹிஸ் இன்கம்'. அங்கே 'வித்' போடுவது நம் பக்கம் நிறையப் பார்க்கும் பிழை. 'ஒத்துவரவில்லை' என்பதில் 'இதோடு ஒத்துவரவில்லை' என்ற நினைப்பு இருப்பதால் கை 'வித்'துக்குப் போகிறது. 'வருமானத்துக்கு' என்று நினைத்தால் 'டு' தானாக வரும்.

'மோர் டிஸ்ப்ரபோர்ஷனட்லி' என்று எழுதத் தோன்றினால் நிறுத்துங்கள். பெரும்பாலும் 'மோர்' மட்டுமே போதும், அல்லது 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி' மட்டுமே போதும். ஒரு பக்கத்தில் இந்தச் சொல் இரண்டு முறைக்கு மேல் வந்தாலும் ஒன்றை வெட்டிவிடலாம். 'மோர் தன் இட்ஸ் ஷேர்' என்ற எளிய தொடர் அதே வேலையைச் செய்யும். சொல்லப்போனால் கம்பெனிக்குள் போகும் மெயிலுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு அனுப்பும் மெயிலில் ஆறு அசைச் சொல்லைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

ஆங்கில ரிப்போர்ட்டைத் தமிழாக்கும் வேலை வந்தால் 'விகிதாசாரத்துக்கு மாறாக' என்று அரசாங்கத் தமிழில் போடுவதைவிட, எதுக்கு மிஞ்சியது என்பதைத் திறந்து எழுதுங்கள். 'தொழிலாளர்களில் கால்வாசிப் பேரான வெளிமாநிலத்தவர், காயமடைந்தவர்களில் பாதிப் பேராக இருக்கிறார்கள்' என்று எழுதினால் நோட்டீஸ் போர்டில் நின்று படிக்கிறவருக்கும் புரியும்.

கையால் போட்டுப் பார்க்க மூன்று

விடையை உடனே பார்க்காமல், எதுக்கு எது என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

முதலாவது: "நம் ஹாஸ்டலில் 200 பேர், 50 பேருக்கு டெங்கு." 'டிஸ்ப்ரபோர்ஷனட்லி' போடலாமா? முடியாது. நான்கில் ஒருவருக்கு என்பது பயங்கரமான எண்தான், ஆனால் ஒப்பிட இன்னொரு பங்கு இல்லை. 'எ லார்ஜ் நம்பர்' போதும். அந்த 50 பேரில் 40 பேர் தரைத்தளத்தில் இருப்பவர்கள், தரைத்தளத்தில் இருப்பதே மொத்தம் 60 பேர் என்று தெரிந்தால் கதை மாறும். ஹாஸ்டலில் 30 சதவீதம், நோயாளிகளில் 80 சதவீதம். இப்போது போடலாம். தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் அதுவே காட்டிவிடும்.

இரண்டாவது: கரண்ட் பில்லில் யூனிட்டுக்கு எல்லாருக்கும் ஒரே அளவு பைசா ஏற்றினார்கள். பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர் ஒருவர், அது தன் மேல் பங்குக்கு மிஞ்சி விழுகிறது என்கிறார். சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அவர் செலவில் கரண்ட் எத்தனை பங்கு, மற்ற தொழிலில் எத்தனை பங்கு என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது வெறும் புலம்பல் என்று ஃபைலில் கட்டிவைத்துவிடுவார்கள்.

மூன்றாவது கொஞ்சம் குறும்பானது. ஒரு லைனில் 30 பேர். அதில் 3 பேர் மட்டும் மொத்த ஓவர்டைமில் 30 சதவீதம் எடுத்திருக்கிறார்கள். பத்து சதவீத ஆள், முப்பது சதவீத ஓவர்டைம். கணக்குப்படி சொல் பொருந்துகிறது. ஆனால் அனுப்பும் முன் ஒன்று விசாரியுங்கள். ஃப்ளாட்லாக் மெஷின் ஓட்டத் தெரிந்தவர்களே அந்த மூன்று பேர்தான் என்றால், ஒப்பிட வேண்டியது 30 பேரோடு இல்லை, ஃப்ளாட்லாக் வேலை எத்தனை மணி நேரம் இருந்தது என்பதோடு. அந்தக் கணக்கில் அவர்கள் எடுத்தது சரியான பங்காகவே இருக்கலாம். நாலாவது ஃப்ளாட்லாக் டெய்லர் ஒருவரை எடுக்கச் சொல்லி எழுத வேண்டிய மெயிலாக அது மாறிவிடும்.